ஷீலா இடம் விட்டு நின்றது

ஷீலா தானாகவே டிரெய்லரில் ஏறிவிட்டது. மனோஜுக்கு முதலில் பிடிக்காமல் போனது அதுதான்.

இரண்டு மாதமாக அந்தக் குதிரை டிரெய்லர் நிற்கும் திசைப்பக்கமே தலைவைத்துப் படுத்ததில்லை. வெல்லம் காட்டினாலும் வராது. பலகையில் ஒரு கால் வைத்ததும் காதைப் பின்னால் மடக்கிக்கொண்டு, கண்ணின் வெள்ளை தெரிய முரண்டு பிடிக்கும். நாலு ஆள் சேர்ந்து இழுத்தாலும் அசையாது. இன்றைக்கும் அந்தக் கூத்துக்கு அரைமணி நேரம் ஒதுக்கித்தான் அவன் விடிவதற்கு முன்பே எழுந்து வந்திருந்தான். மார்கழிப் பனி குப்பத்தை மூடிக்கிடந்தது. ஏரிப்பக்கமிருந்து சேற்று வாடையும், காயப்போட்டிருந்த நெத்திலியின் வாடையும் கலந்து வந்தன. கோயில் ஒலிபெருக்கி இன்னும் தொண்டையைச் சரிசெய்துகொண்டிருந்தது. பின்கதவை இறக்கித் தரையில் சாய்த்துவிட்டுக் கயிற்றை எடுக்கத் திரும்பினான். அவ்வளவுதான். மரப்பலகையில் நாலு குளம்பு நிதானமாக ஏறும் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தால் ஷீலா உள்ளே நின்றிருந்தது.

அது நின்ற விதமும் சரியில்லை. தனியாகப் போகும் குதிரை நட்ட நடுவில் நிற்கும், வண்டி ஆடும்போது விழாமலிருக்கக் காலை அகட்டி வைத்துக்கொள்ளும். ஷீலாவோ இடதுபக்கத் தகரத்தோடு ஒட்டி நின்றது. வலதுபக்கத்தில், தலைமாட்டில், ஒரு ஆள் நிற்கிற அளவுக்கு இடம் விட்டிருந்தது.

அது அண்ணன் அங்கமுத்து நிற்கிற இடம்.

"அதுக்கும் தெரியுது போல, போவப்போறோம்னு," என்றாள் மாலா. அவள் எப்போது வந்தாள் என்று தெரியவில்லை. முந்தானையைத் தலையில் போர்த்தியிருந்தாள். "நானும் வர்றேன் மனோஜு. அவரு வளத்தது. என் கையால குடுத்துட்டு வந்துடறேன்."

"பனி ஜாஸ்தியா கீது அண்ணி. நீங்க எதுக்கு?"

"நீ ஒருத்தனா போயி இன்னா பண்ணுவ?" என்று சொல்லிவிட்டு பிக்கப்பின் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டாள். அண்ணன் பெண்டாட்டி ஒன்று சொன்னால் சொன்னதுதான். அவனும் பின்கதவைத் தூக்கி மூடித் தாழ்ப்பாள் போட்டுவிட்டு வண்டியை எடுத்தான்.

கொண்டுபோய் விடவேண்டிய இடம் செங்குன்றம் பக்கம். அங்கே சீனிவாசன் என்று ஒருவர் தோட்டத்தில் நாலைந்து குதிரை வைத்திருக்கிறார். ஷீலாவை அவரிடம் விட்டுவிட்டால் போதும், அப்புறம் நிம்மதி. ஊரில் எல்லாரும், 'அண்ணனைக் கொன்ன குதிரை கண்ணுல படாம இருக்கட்டும்னு குடுக்கறான், பாவம்' என்றார்கள். மனோஜும் அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டான். உண்மை அவனுக்கு மட்டும்தான் தெரியும். அண்ணன் செத்த அன்றைக்கு அந்த டிரெய்லர் தகரப்பெட்டிக்குள் இருந்தது இரண்டே உயிர். ஒன்று போய்விட்டது. மிச்சம் இருக்கிற சாட்சி இந்தக் குதிரை. வாயில்லாத சாட்சிதான், இருந்தாலும் தினமும் காலையில் அதன் முகத்தில் விழிக்க அவனால் முடியவில்லை.

ஏரியில் மீன் குறைந்துபோன வருஷம், அண்ணனும் தம்பியும் சென்னைக் கடற்கரையில் ஒரு வியாபாரியிடமிருந்து ஷீலாவைப் பிடித்து வந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை கடற்கரையில் சவாரி, முகூர்த்த நாளில் மாப்பிள்ளை ஊர்வலம். அந்த வியாபாரி கயிற்றைக் கையில் கொடுப்பதற்கு முன்னால் ஒன்றுவிடாமல் சொல்லிக்கொடுத்தார். வெயிலுக்கு முன்னால் கிளம்பு. தரையில் ரப்பர் பாய் போடு, வழுக்கினால் குதிரை மிரளும். கயிறு தலையை ஆட்டுகிற அளவு தளர்வாக இருக்கட்டும். வாய்க்கு எட்டுகிற உயரத்தில் புல் கட்டித் தொங்கவிடு, மெல்லுகிற குதிரை பயப்படாது. பிரேக்கை மிதிக்காதே, தடவு. எல்லாவற்றுக்கும் மேலே, ஓடுகிற வண்டியில் குதிரையோடு ஆள் ஏறவே கூடாது.

மற்றதையெல்லாம் அங்கமுத்து வேதவாக்காக எடுத்துக்கொண்டான். கிழிந்த வலையை அறுத்துப் புல்லுக்குப் பை முடைந்தவனே அவன்தான். கடைசிப் புத்திமதிக்கு மட்டும் சிரித்தான். "தோணில ஏத்தினத தனியா உட்டுட்டுக் கரைலேர்ந்து பாத்துனு இருப்பாங்களா?" என்றான். கடலுக்குப் போகிறவன் புத்தி அது. ஏற்றினால் கூடவே இருக்க வேண்டும். அவனுக்கு டிரெய்லரும் ஒரு தோணிதான். உள்ளே ஏறிக் குதிரையின் தாடையைத் தடவியபடி நிற்பான். வண்டி ஓட்டும் தம்பிக்கு முன்பக்கத் தகரத்தில் முஷ்டியால் தட்டிச் சொல்வான். இரண்டு தட்டினால் மெதுவாகப் போ. மூன்று தட்டினால் நிறுத்து.

பிக்கப் பாலத்தில் ஏறியது. இரண்டு பக்கமும் ஏரி தெரியவில்லை, பனிதான் தெரிந்தது. நீருக்குள் யாரோ இடுப்பளவில் நின்று கையால் இறால் துழாவும் சத்தம் மட்டும் கேட்டது. மாலா கண்ணாடியில் வழிந்த ஈரத்தைப் பார்த்துக்கொண்டு வந்தாள். பின்னாலிருந்து ஒரு சத்தமும் இல்லை. குளம்பு மாற்றி வைக்கிற சத்தமில்லை, செருமல் இல்லை. ஷீலா தனியாக ஏறிய நாளெல்லாம் பாலம் முடிகிறவரை தகரத்தை உதைத்துக்கொண்டே வரும். அண்ணன் கூட இருந்தால் மட்டும் உதைக்காது.

தட். தட்.

சத்தம் காதுக்கு வருவதற்கு முன்னால் இழுவைக் கம்பி வழியாக சீட்டுக்கு வந்தது. மனோஜின் கால் தானாக ஆக்ஸிலரேட்டரிலிருந்து எழுந்தது.

"இன்னாத்துக்கு ஸ்லோ பண்ற?"

"சும்மாதான் அண்ணி. பனி."

அவளுக்குக் கேட்கவில்லை போலிருக்கிறது. கொக்கி தளர்ந்திருக்கும், என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். பாலத்து இணைப்பில் டயர் ஏறி இறங்கியிருக்கும். இரண்டு டயர், இரண்டு தட்டு. இப்படிச் சமாதானம் சொல்லிக்கொள்வதில் அவன் கைதேர்ந்தவன். ஐப்பசி மழையிலிருந்து இதைத்தானே செய்துகொண்டிருக்கிறான்.

அன்றைக்குப் பொன்னேரியில் ஒரு கல்யாண ஊர்வலம். கிளம்பும்போதே அங்கமுத்து அவனை நாலு பேர் முன்னால் வைது தீர்த்திருந்தான். கொக்கியைச் சரியாக மாட்டவில்லை, உனக்கு எந்த வேலையும் ஒழுங்காக வராது, நைனா இருந்திருந்தால் உன்னை வேலைக்கே அனுப்பாமல் பாயில் உட்காரவைத்துச் சோறு போட்டிருப்பார் என்றெல்லாம். மனோஜ் பல்லைக் கடித்துக்கொண்டு வண்டியை எடுத்தான். பழவேற்காட்டைத் தாண்டியதும் இடி இறங்கியது. பின்னால் தகரம் அதிர்ந்தது. அப்புறம் மூன்று தட்டு. கொஞ்சம் பொறுத்து மறுபடியும் மூன்று.

பஞ்சாயத்தில் கேட்டபோது, குதிரை உதைக்கிறது என்று நினைத்தேன் என்றான். கேட்டவர்கள் எல்லாரும் வலை தெரிந்தவர்கள், காற்று தெரிந்தவர்கள். குதிரை தெரிந்தவர் ஒருவரும் இல்லை. குதிரை உதைத்தால் அது ஒரு கணக்கில் வராது. இடைவெளி ஒன்றுபோல் இருக்காது. ஒன்று, இரண்டு, மூன்று என்று கை மட்டும்தான் தட்டும். அதைச் சொல்லிக்கொடுத்ததே அங்கமுத்துதான். 'மனோஜு, நிறுத்துடா' என்று குரலும் கேட்டது. தெளிவாகவே கேட்டது. கொஞ்சம் அவதிப்படட்டும், வாய் குறையும் என்று மனோஜ் பாட்டுச் சத்தத்தைக் கூட்டி வைத்தான். அவ்வளவுதான் அவன் செய்தது. ஒரு குமிழைத் திருகினான். மண்டப வாசலில் கதவைத் திறந்தபோது அங்கமுத்து குதிரைக்கும் தகரத்துக்கும் நடுவில், விழ இடமில்லாமல், நின்றபடியே செத்திருந்தான்.

அம்மன் சன்னதியில் கற்பூரத்தைக் கையால் அணைத்து, எனக்கு எதுவும் கேட்கவில்லை என்று சத்தியம் செய்தான். பொய்யானால் அம்மன் கேட்பாள் என்று ஒரு மண்டலம் கெடு வைத்தார்கள். நாற்பத்தெட்டு நாளில் அவனுக்கு ஒரு தலைவலிகூட வரவில்லை. போன வெள்ளிக்கிழமையோடு கெடு முடிந்தது. ஊர் அவனைச் சுத்தமானவன் என்று சொல்லிவிட்டது. மாலா அன்று ராத்திரி அவனுக்கு நண்டுக் குழம்பு ஊற்றி, "உம்மேல எனக்கு ஒரு நாளும் சந்தேகம் இல்ல மனோஜு," என்றாள். அந்தச் சோற்றை அவன் ஒரு பருக்கை மிச்சம் வைக்காமல் தின்றான்.

பழவேற்காட்டுக் கடைத்தெருவைத் தாண்டி வண்டி வயல்பக்கம் திரும்பியபோது போன் அடித்தது. சீனிவாசன்.

"கிளம்பிட்டியாப்பா? குதிர எப்படி வருது? உதைக்குதா, கத்துதா?"

"இல்ல சார். ரொம்ப அமைதியா வருது."

"தனியாவா வருது?"

"ஆமா சார்."

"தனியா வர்ற குதிர அமைதியா வராதேப்பா. மயக்கம் கியக்கம் வந்திருக்கப் போவுது. நிறுத்திப் பாரு முதல்ல," என்றார்.

அவனுக்கு நிறுத்த மனமில்லை. மாலாதான், "அவரு சொல்றாரு இல்ல, நிறுத்து," என்றாள். ஒரு புளியமரத்தடியில் ஓரங்கட்டினான். எஞ்சினை அணைத்ததும் வயல் தவளைகள்கூட அடங்கின. டிரெய்லரின் பக்கவாட்டில் முகம் நுழையும் அளவு ஒரு ஜன்னல் உண்டு. அதன் தகரத்தைத் தள்ளினான். வைக்கோல் வாடை வந்தது, சாண வாடை வந்தது. அதற்கு அடியில் வேப்பெண்ணெய். ஈ கடிக்காமலிருக்க அங்கமுத்து குதிரைக்குத் தடவுவான், தன் கையிலும் தடவிக்கொள்வான். வீட்டில் அந்தப் பாட்டில் தீர்ந்து இரண்டு மாதமாகிறது.

ஷீலாவின் கீழுதடு தொங்கிக்கொண்டிருந்தது. கண் பாதி மூடியிருந்தது. பின்னங்கால் ஒன்றைத் தளர்த்தி நுனிக்குளம்பில் வைத்திருந்தது. கொட்டிலில், மதியத்தில், எந்தப் பயமும் இல்லாதபோது குதிரை நிற்கும் நிலை அது. ஓடுகிற வண்டியில் எந்தக் குதிரையும் அப்படி நிற்காது. தாடையை மட்டும் லேசாகத் தூக்கி வைத்திருந்தது, யாரோ அடியில் தடவிக்கொடுப்பதற்கு வாகாக.

மாலா அவன் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். அவள் முகத்தில் என்ன மாறியது என்று அவனால் சொல்லமுடியவில்லை. இரண்டு மாதமாக இறுகிக்கிடந்த ஏதோ ஒன்று அவிழ்ந்தது.

"நான் உள்ள ஏறிக்கறேன்," என்றாள்.

"வோணாம் அண்ணி! இன்னா பேச்சு இது. அதுல ஏறித்தான..."

"ஒன்னும் ஆவாது. தொறந்து உடு."

கையைப் பிடித்துத் தடுத்திருக்கலாம். உண்மையைச் சொல்லித் தடுத்திருக்கலாம். இரண்டும் செய்யாமல் கதவை இறக்கினான். மாலா பலகையில் ஏறி, குதிரையின் கழுத்துக்கு அடியில் குனிந்து அந்தப் பக்கம் போனாள். அவனே தூக்கி மூடினான். அவனே வெளியில் தாழ்ப்பாள் போட்டான். உள்ளேயிருந்து திறக்க வழி கிடையாது.

வண்டி நகர்ந்தது. முப்பதிலேயே ஓட்டினான். பனி கலைந்து வெயில் மஞ்சளாக வயல்மேல் இறங்கிக்கொண்டிருந்தது. இனி பயமில்லை, பகல் வந்துவிட்டது என்று நினைத்தான். அப்போதுதான் மாலா பேசுவது கேட்டது.

குதிரையோடு பேசுகிறாள் என்றுதான் முதலில் தோன்றியது. குதிரையோடு பேசுகிறவர்கள் விடாமல் பேசுவார்கள், குழந்தையைக் கொஞ்சுவதுபோல. மாலா ஒரு வாக்கியம் சொன்னாள். நிறுத்தினாள். அப்புறம் "ம்" என்றாள். மறுபடி ஒரு வாக்கியம். நிறுத்தம். "அப்புறம்?" என்று கேட்டாள். அதற்குப்பின் நீண்ட நிறுத்தம். வயல், வாய்க்கால், செங்கல் சூளை எல்லாம் கடந்தன. நிறுத்தம் முடியவில்லை. அவள் எதையோ முழுசாகக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

பிறகு அழுகையா சிரிப்பா என்று தெரியாத ஒரு சத்தம்.

பிறகு எதுவுமில்லை.

தட். தட். தட்.

மனோஜ் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்தான். இது அண்ணியாக இருக்கலாம். குதிரை சாய்ந்து நசுக்கிக்கொண்டிருக்கலாம். உயிருக்குத் தட்டிக்கொண்டிருக்கலாம். நிறுத்த வேண்டும். இப்போதே நிறுத்த வேண்டும். ஆனால் அண்ணனாக இருந்தால்?

தட். தட். தட்.

ஒரே இடைவெளி. குளம்பில்லை. கை.

நிறுத்தினால் கதவைத் திறக்க வேண்டும். திறந்தால் பார்க்க வேண்டும். பிரேக்குக்கு மேலே கால் போனது. இறங்கவில்லை. தட். தட். தட். வியர்வை கண்ணில் விழுந்தது. இடது கை எங்கே போயிருக்கிறது என்று குனிந்து பார்த்தான். பாட்டுக் குமிழின்மேல் இருந்தது.

திருகினான்.

நிறுத்தவில்லை. நாலு கிலோமீட்டர். பாட்டுக்கு அடியில் அது வந்துகொண்டே இருந்தது. சீட்டில். முதுகெலும்பில். பல்லில். அண்ணியாக இருந்தாலும் சரி என்று அவன் மனசு சொன்னது. அந்த வார்த்தையை அப்படியே சொன்னது. அண்ணியாக இருந்தாலும் சரி. அதைக் கேட்டு அவனுக்கே அருவருப்பு வந்தது. அப்போதும் நிறுத்தவில்லை.

திருப்பாலைவனத்தில் பஸ் ஒன்று ரோட்டை அடைத்துக்கொண்டு திரும்பிக்கொண்டிருந்தது. போக வழியில்லை. அவனாக நிறுத்தவில்லை, பஸ்தான் நிறுத்தியது. டீக்கடையில் பத்துப் பேர். கண்டக்டர் இறங்கிவந்து கண்ணாடியில் அடித்தார்.

"யோவ், பாட்டக் கொறய்யா! பின்னால எவனோ தட்டினே வர்றான், காது கேக்கலியா உனுக்கு?"

டீக்கடை ஆட்கள் எல்லாரும் டிரெய்லரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பத்துப் பேருக்கும் கேட்டிருக்கிறது. மனோஜ் இறங்கினான். பின்பக்கம் நடந்தான். பத்தடி. அதற்குள் தட்டு ஓய்ந்துவிட்டது. பளிச்சென்று வெயில். தாழ்ப்பாள் சில்லிட்டிருந்தது. இழுத்தான். கதவு இறங்கிப் பலகையாகித் தரையைத் தொட்டது.

மாலா நன்றாக இருந்தாள். ஒரு கீறல் இல்லை. இடதுபக்கத் தகரத்தோடு குதிரை ஒட்டி நின்றது. அந்தக் குதிரையின் கழுத்துக்கு அடியில் மாலாவும் நெருக்கிக்கொண்டு நின்றாள். இரண்டு கையும் ஷீலாவின் பிடரியில் இருந்தன. வலதுபக்கத்து இடம் அப்படியே இருந்தது. இரண்டு பேரும் அந்த இடத்தை விட்டுக்கொடுத்து நின்றார்கள்.

"அண்ணி. நீங்களா தட்டினது?"

மாலா தலையை ஆட்டினாள், இல்லை என்று. அவள் கண் அழுது சிவந்திருந்தது. குரலில் அழுகை இல்லை.

"நீ நிறுத்துவன்னு நான் சொன்னேன்," என்றாள். "நிறுத்தமாட்டான்னு அவரு சொன்னாரு."

டீக்கடையில் யாரோ கிளாஸை வைத்த சத்தம் கேட்டது. பஸ் திரும்பி முடித்து எஞ்சின் அடங்கியது. ஷீலா காது இரண்டையும் முன்னால் நீட்டி, பலகைப்பக்கம் தலையைத் திருப்பியது.

"கொஞ்சம் தள்ளி நில்லு மனோஜு," என்றாள் மாலா. "அவரு எறங்கணும்."

மனோஜ் தள்ளி நிற்கவில்லை. குனிந்தான். பலகையின் விளிம்புக்கு அடியில் பத்து விரலையும் கொடுத்தான். மூடிவிட வேண்டும். அண்ணியோடு, குதிரையோடு, எல்லாவற்றோடும் சேர்த்து மூடித் தாழ்ப்பாள் போட்டுவிட வேண்டும். மூச்சுப் பிடித்துத் தூக்கினான். எப்போதும் ஒற்றை ஆளாகத் தூக்குகிற பலகை. எழவில்லை. மறுபடி தூக்கினான். மேல்முனையில் மரம் முனகியது. பலகையில் குறுக்கே அடித்திருந்த முதல் கட்டை, யாரோ காலை வைத்ததுபோல், லேசாக வளைந்து நிமிர்ந்தது. அடுத்த கட்டை வளைந்தது. நிமிர்ந்தது. அதற்கடுத்தது.

ஒரே இடைவெளி.

கையை எடுத்துவிட நினைத்தான். அதற்குள் கடைசிக் கட்டையில் பாரம் இறங்கியது. விரல்கள் மரத்துக்கும் தார்ரோட்டுக்கும் நடுவில் சிக்கின. பத்துப் பேர் பார்த்துக்கொண்டிருக்க, பளிச்சென்ற வெயிலில், வெறும் பலகைக்கு முன்னால் மண்டியிட்டு அவன் அலறினான். பாரம் நகரவில்லை. அவன் முகத்துக்கு எதிரே, அவசரமே இல்லாமல், அங்கேயே நின்றது.